புகாரே இல்லாத பள்ளிக்கூடம்

ஏனுங்க அம்மிணி, இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? வரலியா? அப்பச் சித்தத் தள்ளிக்குங்க, நானும் ஒண்டிக்கறேன். இல்லீங்க, என்ற பையை மேல வெக்க முடியாதுங்க. உள்ளாற ஷீல்டு இருக்குது. கண்ணாடி போட்டது. பிரேக் அடிச்சான்னா யாரு தலையிலயாச்சும் உழுந்து, அதுக்கு வேற ஒரு கேசு வந்துரும். இருக்கற ஒரு கேசே போதுமுங்க.

பாப்பா உங்க புள்ளைங்களா? என்ன கிளாசு கண்ணு? நாலாவதா? இந்தா, கடலை மிட்டாய் சாப்பிடு.

அட, கையைப் பின்னால கட்டிக்கிட்டதைப் பாருங்க! "தெரியாதவங்க குடுத்தா வாங்கக் கூடாது"ங்குது. யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா, டீச்சரா? நெனச்சேன். இப்ப எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதான் மொதப் பாடம். அறுபத்தெட்டு வயசுக் கெழவன் கடலை மிட்டாயை நீட்டுனாக்கூட, நடுவுல சட்டம் வந்து உக்காந்துக்குது.

சட்டம் தப்புன்னு சொல்ல வரலீங்க. சட்டம் வேணும். புள்ளைங்ககிட்டத் தப்பா நடக்கறவனைத் தூக்கி உள்ள வெக்கோணும். மைக்குப் புடிச்சு நானே பேசியிருக்கறேன். ஆனா அந்தச் சட்டத்துல என்னைய எதுக்குப் புடிச்சுப் போட்டாங்கங்கறதுதான் எனக்கு இன்னும் வெளங்கல. இன்னைக்குத் திருப்பூர் கோர்ட்டுல வாய்தா. நான் என்ன பண்ணுனேன்னு நெனைக்கறீங்க? ஒண்ணுமே பண்ணலீங்க. அதான் கேசே. பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பா இருக்கறவன் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவும் குத்தமாம். வக்கீலு வரி வரியாப் படிச்சுக் காட்டுனாரு. சும்மா இருந்ததுக்குக் கேசு போடற சட்டத்தை இந்த வயசுலதானுங்க பாக்கறேன்.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? திருப்பூரேவா? அப்ப நல்லதாப் போச்சு, முழுசாச் சொல்லிரலாம்.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. தாராபுரம் பக்கத்துல எங்க பள்ளிக்கூடம். எங்கய்யன் ஆரம்பிச்சது. அவருக்கப்புறம் நாந்தான் தாளாளரு. கரஸ்பாண்டெண்ட்டும்பாங்க. எண்ணூத்திச் சொச்சம் புள்ளைங்க படிக்குது. ஒரு காயிதம் என்ற கண்ணுல படாம வெளிய போவாதுங்க. எல்லாத்துலயும் பச்சை மையில "பார்த்தேன்"னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். லீவு லெட்டரா, பார்த்தேன். தண்ணித்தொட்டி கழுவுன கணக்கா, பார்த்தேன். புள்ளைங்க எனக்குப் பட்டப்பேரே வெச்சிருக்குதுங்க, "பச்சைப் பார்த்தேன்". எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்குதுங்க. எனக்கா தெரியாது?

நாலு வருசத்துக்கு முன்னால மேல இருந்து ஒரு ஆர்டர் வந்துதுங்க. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் புள்ளைங்க பாதுகாப்புக்கு ஒரு புகார்ப் பெட்டி வெக்கோணும், ஒரு குழு போடோணும், ஒரு வாத்தியாரைப் பொறுப்பாப் போடோணும்னு. மத்த பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுனாங்கன்னு நெனைக்கறீங்க? தகர டப்பாவுல ஓட்டையைப் போட்டுச் சுவத்துல மாட்டிப்போட்டாங்க. எனக்கு அப்புடிப் பண்ண மனசு வருமுங்களா? புள்ளைங்க விசயமாச்சே! தேக்குலயே செய்யச் சொன்னேன். பித்தளைப் பூட்டு. மூடியில ரெண்டு மயிலு செதுக்குனது. தெறப்பு விழா வெச்சு, ரிப்பன் கட்டி, வியாபாரிகள் சங்கத் தலைவரைக் கூட்டியாந்து வெட்டச் சொன்னேன். அவரு ஒரு வெள்ளைக் காயிதத்தை மடிச்சு மொதல்ல உள்ள போட்டாரு, சாஸ்திரத்துக்கு. எல்லாரும் கைதட்டுனாங்க. வரவேற்பு டான்ஸ் ஆடுன புள்ளைங்களும் பெட்டியைச் சுத்தி நின்னு போட்டோ எடுத்துக்கிச்சுங்க.

அவ்வளவு அழகான பெட்டியை வெராந்தாவுல வெக்க முடியுமுங்களா? மழைச்சாரல் அடிக்கும், ஒண்ணு ரெண்டு வால்பசங்க குச்சியை உட்டு நோண்டுவானுங்க. அதனால ஆபீசு ரூமுல ஷீல்டெல்லாம் அடுக்கியிருக்கற கண்ணாடி ஷோகேசுல வெச்சுப்போட்டேன். நடு அடுக்குல. ஷோகேசுக்கும் பூட்டு, பெட்டிக்கும் பூட்டு. ரெண்டு சாவியும் எங்க தெரியுமுங்களா? இந்தா, இங்க, அரைஞாண் கயித்துல. குளிக்கும்போதுகூடக் கழட்டறதில்லை.

சிரிக்காதீங்க அம்மிணி. புகார் போடறதுக்கு வழி இல்லாம இல்லை. வழி வெச்சிருந்தேன். ஆபீசுக்கு வந்து என்கிட்டச் சொன்னா, நான் சாவியை எடுத்து, ஷோகேசைத் தெறந்து, பெட்டியை மேசை மேல வெப்பேன். போட்டுக்கலாம். அதுக்கு மின்ன ஒரு நோட்டு. நானே ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டது. பேரு, கிளாசு, யாரு மேல புகார், என்ன காரணம், பெத்தவங்க கையெழுத்து, கடைசியாத் தாளாளர் குறிப்பு. எதுக்குன்னா, நாளைக்கு யாரும் பொய்யா ஒண்ணை எழுதிப் போட்டுட்டு ஓடிரக் கூடாதில்லீங்க?

பொறுப்பு வாத்தியாரா யாரைப் போடறதுன்னு ரோசிச்சேன். எல்லாருக்கும் கிளாசு இருக்குது. வேலை கொறச்சலா இருந்தது சம்பத்து மட்டுந்தான். என்ற ஊட்டுக்காரியோட தம்பி, செஸ் மாஸ்டர். சாயந்திரம் ரெண்டு மணி நேரம் புள்ளைங்களுக்குச் செஸ் சொல்லித் தருவான். மத்த நேரம் ஆபீசு சோபாவுல உக்காந்து டீ குடிப்பான். அவனையே போட்டேன். நல்ல தொடுதல் எது, கெட்ட தொடுதல் எதுன்னு புள்ளைங்களுக்கு வகுப்பு எடுத்ததும் அவந்தானுங்க. என்னமாப் பேசுனான்னு நெனைக்கறீங்க! கேட்டுட்டு இருந்த எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

மூணு வருசம். ஒரு புகார் இல்லை. ஒண்ணே ஒண்ணு இல்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெட்டிக்குச் சந்தனம் பொட்டு வெச்சு, ஓட்டை மேல ஒரு செம்பருத்தி வெச்சுக் கும்புட்டுக்குவோம். போன சுதந்திர தினத்துக்கு வியாபாரிகள் சங்கத்துல எங்களுக்கு இந்த ஷீல்டு குடுத்தாங்க. நீங்களே பாருங்க. தேஞ்சிராது, தொடுங்க. "மூன்றாண்டுகளாகப் புகாரே இல்லாத பள்ளி." அதான் ஜட்ஜம்மாகிட்டக் காட்டலாம்னு எடுத்துட்டுப் போறேன். வக்கீலு வேண்டாம்னாரு. வக்கீலுக்கு என்ன தெரியும்?

இந்த நெலமையிலதான் அமலோற்பவம் டீச்சர் வந்து சேந்துது. திண்டுக்கல் பக்கத்துப் பொம்பளை. சயின்ஸ். வந்த மொத நாளே, "சார், புகார்ப் பெட்டி எங்க இருக்கு?"ன்னு கேட்டுது. பெருமையாக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். ரெண்டு பூட்டையும் உத்துப் பாத்துது. அப்புறம், "சார், இது பொம்பளைப் பிள்ளைங்க தண்ணி புடிக்கிற குழாய்கிட்ட இருக்கணும். யாரும் பார்க்காத இடத்துல"ங்குது. தேக்குப் பெட்டிங்கம்மா, தண்ணி பட்டா என்னத்துக்கு ஆவும்னேன். "அப்பத் தகர டப்பா வைங்க"ன்னுது! தகர டப்பாவாமா. எங்கய்யன் ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துல.

அந்த டீச்சர் பேச்சைக் கேட்டோ என்னமோ, எட்டாங்கிளாசுல இலக்கியான்னு ஒரு புள்ளை இருக்குதுங்க, வாயாடி, அது ஒரு நாள் ஆபீசுக்கு வந்து நின்னுது. "அய்யா, புகார் குடுக்கோணும்." எனக்கு வந்த சந்தோசத்தைக் கேக்கறீங்களா! மூணு வருசத்துல மொத ஆளு. உக்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, நோட்டை எடுத்து முன்னால வெச்சேன். எழுதுச்சு. யாரு மேல: சத்துணவு ஆயா. காரணம்: சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டியிருக்குது. நான் சும்மா உடுவனுங்களா? உடனே ஆயாவைக் கூட்டியாரச் சொல்லி, ரெண்டு பேரையும் நேருக்கு நேரா நிறுத்தி விசாரிச்சேன். ஆயா அழுதுது. புள்ளையும் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிச்சு. "தெரியாம எழுதிட்டேன்யா"ன்னு எழுதுனதைப் பேனாவுல அடிச்சுட்டுப் போயிருச்சு. பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டேன். அஞ்சு நிமிசத்துல முடிச்சேன் பாத்துக்குங்க. எந்தக் கோர்ட்டுல இந்த வேகம் உண்டு?

அடுத்த நாள் இன்னொண்ணு. அதுக்கடுத்த நாள் ரெண்டு. தமிழய்யா மூக்குப்பொடி போடறாரு. பெல் அடிக்கற அண்ணன் கெழங்கு திங்கறாரு. தாளாளர் அய்யா பிரேயர்ல நின்னுட்டே தூங்கறாரு. ஆமாங்க, என்ற மேலயே! அதையும் நேருக்கு நேரா விசாரிச்சேன், எனக்கும் எனக்கும். ஒரு வாரத்துல பதினோரு புள்ளைங்க வந்துதுங்க. பதினோரு பேருமே கடைசியில அடிச்சுட்டுத்தான் போச்சுங்க. எனக்கு அப்பப் புரியல. அதுங்க புகார் குடுக்க வரல. புகார் குடுத்தா இந்த ஆபீசுல என்ன ஆவுதுன்னு பாத்துட்டுப் போவ வந்திருக்குதுங்க. பின்னால அந்த இலக்கியாவே போலீசுகிட்டச் சொல்லியிருக்குது, "நாங்க டெஸ்ட் பண்ணிப் பாத்தோம் மேடம்"னு. எட்டாங்கிளாசு!

பன்னெண்டாவதா வந்துதுங்க அந்தப் புள்ளை.

பேரு சொல்லக் கூடாதுங்க. அந்தப் புள்ளை யாருன்னு வெளிய தெரிய வெச்சா அதுவும் குத்தமாம். நான் சொல்ல மாட்டேன். எட்டாங்கிளாசு பி செக்‌ஷன், ரெட்டை ஜடை, அய்யன் பஸ் ஸ்டாண்டுல எளநிக் கடை, செஸ்ஸுல மாவட்டத்துலயே ரெண்டாவது. மத்தபடி யாருன்னு உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். என்னங்க அப்புடிப் பாக்கறீங்க? பேரு சொல்லலியே?

அது வந்தது ஒரு செவ்வாய்க்கெழமை. அந்த வெள்ளிக்கெழமை சேலத்துல மாநிலப் போட்டி. சம்பத்துதான் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. ரெண்டு நாளு அங்கயே தங்கல். மத்த புள்ளைங்க யாரும் தேறல, இது ஒண்ணுதான். எனக்கு அந்த ஷீல்டு மேல ஒரு கண்ணு. ஷோகேசுல நடு அடுக்குல பெட்டிக்குப் பக்கத்துல எடம்கூட ஒதுக்கி வெச்சிருந்தேன்.

புள்ளை மேசைகிட்ட நின்னுட்டு, "அய்யா, பெட்டியை வெளிய வெப்பீங்களா?"ன்னு மெதுவாக் கேட்டுது. மொதல்ல நோட்டுல எழுதும்மான்னேன். சோபாப் பக்கம் ஒரு தடவை பாத்துது. சம்பத்து டீ குடிச்சுட்டு இருந்தான். புள்ளை குனிஞ்சு, ஒரு கையால மறைச்சுக்கிட்டே எழுதுச்சு. பேரு. கிளாசு. யாரு மேல: செஸ் சார். காரணம்: இங்க சொல்ல முடியாது.

நான் கண்ணாடியைப் போட்டுட்டுச் சத்தமாப் படிச்சனுங்க. எனக்குச் சத்தமாப் படிச்சுத்தான் பழக்கம். "ஏனப்பா சம்பத்து, உன்ற மேலயே புகாராமா!"ன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, "பொறுப்பு வாத்தியாரும் நீதானே, நீயே என்னன்னு விசாரிச்சுரு"ன்னு சொல்லிட்டேன். புள்ளை என்ற மொகத்தைப் பாத்துது. அப்புறம் பேனாவை வாங்கி அடிச்சுட்டுப் போயிருச்சு. போட்டிக்குப் பயந்துட்டு வருதுன்னு நெனச்சேன். பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடம் நடத்துனவன், எனக்குத் தெரியாதா புள்ளைங்க மனசு?

அடுத்த நாளு அமலோற்பவம் டீச்சர் வந்து, "அந்தப் பிள்ளை சேலம் போக மாட்டேன்னு அழுவுது, காரணம் சொல்ல மாட்டேங்குது, அனுப்பாதீங்க, இல்லைன்னா நானும் கூடப் போறேன்"னுது. நீங்க போனா சயின்சு யாரு எடுப்பாங்கன்னு கேட்டேன். "சார், என்னன்னு யாராவது விசாரிக்க வேணாமா?"ன்னுது. சம்பத்து விசாரிச்சுட்டு இருக்கறாம்மா, ஷீல்டு வரட்டும், வந்ததுக்கப்புறம் பேசிக்கலாம்னேன். இப்ப அந்த ஒரு வார்த்தையைத்தான் வக்கீலு திருப்பித் திருப்பிக் கேக்கறாரு. "ஷீல்டு வரட்டும்னா சொன்னீங்க? அப்புடியேவா சொன்னீங்க?"ன்னு தலையில கை வெச்சுக்கறாரு.

இந்தப் புள்ளைங்க அதுக்குள்ள என்ன வேலை பண்ணுச்சுங்க தெரியுமுங்களா? கேட்டா சிரிப்பீங்க. ஒரு செருப்புக் கடை அட்டைப் பெட்டி. அதுல ஓட்டை. பொம்பளைப் புள்ளைங்க தண்ணிக் குழாய்க்குப் பின்னாடி, செவுத்து மூலையில வெச்சுப்போட்டுதுங்க. நான் வெக்கற மாதிரியே சந்தனம், குங்குமம், ஓட்டைக்கு மேல செம்பருத்தி. அதுக்கும் மேல, பச்சை மையில, "பார்த்தேன்"னு என்ற கையெழுத்து! அச்சு அசலு, நானே போட்ட மாதிரி. அந்த இலக்கியா போட்டதுதான். கீழ எழுதியிருந்துதாம்: "பேரு வேண்டாம். கிளாசு வேண்டாம். எழுதிப் போட்டாப் போதும். இதை நெஜமாவே பார்ப்பாங்க."

அந்த டீச்சர் பாத்திருக்குது. எடுத்துப் போடாம உட்டிருக்குது.

ஒரு நாளுல நாப்பத்தாறு சீட்டு உழுந்துதுங்க. மூணு வருசமா ஒண்ணு உழாத ஊருல. முப்பத்தெட்டு என்ற மேல. மிச்சத்துல பாதி சாம்பாரைப் பத்தி. ஒரு புள்ளை, "பெரிய பெட்டியில இருக்கற மயிலு நல்லாருக்கு, ஆனா பயமாருக்கு"ன்னு எழுதியிருக்குது. மயிலைப் பாத்தா என்ன பயமுங்க?

மூணு சீட்டு சம்பத்து மேல. மூணு கிளாசுப் புள்ளைங்க, மூணு விதமான எழுத்து. தனியா வரச் சொல்றது, கதவைச் சாத்தறது, போனுல மெசேஜ் அனுப்பறது, வாட்ச் வாங்கிக் குடுத்துட்டு ஊட்டுல சொல்லாதேன்னு சொல்றது, சொன்னாப் போட்டியில பேரை எடுத்துருவேன்னு மெரட்டறது. எளநிக்கடைக்காரரு புள்ளை கையைப் புடிச்சு இழுத்திருக்கறான், அது உதறிட்டு ஓடியாந்திருக்குது. அதைத்தான் அன்னைக்கு எங்கிட்டச் சொல்ல வந்திருக்குது. சீட்டையெல்லாம் எடுத்துப் படிச்ச அமலோற்பவம் டீச்சர் எங்கிட்ட வரல. ஒரு வார்த்தை சொல்லல. நேரா பத்துத் தொண்ணூத்தெட்டுக்கு, அதானுங்க புள்ளைங்க உதவி நம்பரு, போனைப் போட்டுருச்சு.

வெள்ளிக்கெழமை காலையில ஏழு மணி பஸ்சு. வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கையில ஒரு பொன்னாடை. சேலத்துக்குப் போற மாஸ்டருக்கு மரியாதை பண்ணோணுமில்லீங்க? சம்பத்து செஸ் போர்டைக் கக்கத்துல வெச்சுட்டு நின்னுட்டு இருந்தான். புள்ளை இன்னும் வரல. அவங்கய்யன் கடையும் சாத்தியிருந்துது. பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க, சேலை கட்டிட்டு. யாரோ பெத்தவங்க வழியனுப்ப வந்திருக்கறாங்கன்னு நெனச்சு, "வாங்கம்மா, நீங்களும் போட்டோவுல நில்லுங்க"ன்னேன். பொன்னாடையைப் போத்தி உட்டேன். பக்கத்துக் கடைப் பையன் போட்டோ எடுத்தான். எடுத்து முடிச்சதும் அதுல ஒரு பொம்பளை, "சம்பத்குமார் நீங்கதானே? மகளிர் போலீஸ். வண்டியில ஏறுங்க"ன்னுது. பொன்னாடையோடயே ஜீப்புல ஏறுனான் பாத்துக்குங்க. அடுத்த நாளு பேப்பருல அதே போட்டோ! அவன் மூஞ்சி, போலீசு மூஞ்சி, நடுவுல பல்லைக் காட்டிட்டு நான்.

அவனுக்கு ஜாமீன் இன்னும் கெடைக்கல. கெடைக்கவும் வேண்டாம். என்ற ஊட்டுக்காரியே சொல்லிட்டா. பண்ணுனவன் அவன், அனுபவிக்கட்டும். ஆனா என்னைய எதுக்குங்க? என்ற ஆபீசுக்கு வந்து நோட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட நோட்டு. பன்னெண்டாவது வரியில அடிச்சிருக்குது, ஆனா அடிச்சாலும் எழுத்து தெரியுது. பக்கத்துல பச்சை மையில, பார்த்தேன். தேதியோட. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறேன், நோட்டைக் காட்டறாங்க. நானே எனக்கு எதிர்சாட்சி!

அதைக்கூட உடுங்க. பெட்டியை எதுக்கு ஒடைச்சாங்கங்கறதுதான் என்ற மனசுல இன்னும் ஆறலை. தேக்குப் பெட்டி! பித்தளைப் பூட்டை நெம்பி ஒடைச்சுப்போட்டாங்க. சாவி இங்கயே என்ற இடுப்புல இருக்குது, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பனில்ல? கேக்கவே இல்லீங்களே. கேக்காமயே ஒடைச்சா என்ன அர்த்தம்?

உள்ளயா? உள்ள என்ன இருக்கும், ஒண்ணும் இருக்காதுன்னுதான் நானும் நெனச்சேன். நான் தெறந்து பாத்ததில்லீங்க. புகாரே வரலைன்னா எதுக்குத் தெறக்கறது? ரெண்டு காயிதம் இருந்துது. ஒண்ணு, சங்கத் தலைவர் போட்ட வெள்ளைக் காயிதம். இன்னொண்ணு...

இன்னொண்ணும் தெறப்பு விழா அன்னைக்குப் போட்டதுதானுங்க. அன்னைக்கு ஒரு பத்து நிமிசந்தான் பெட்டி வெளிய இருந்துது, போட்டோ எடுக்கறதுக்கு. டான்ஸ் ஆடுன புள்ளையில ஒண்ணு, ஒம்பதாங்கிளாசு அப்ப, கூட்டத்தோட கூட்டமா நின்னு போட்டிருக்குது. "செஸ் சார் தனியா வரச் சொல்றாரு. எனக்குப் பயமா இருக்கு. யாராச்சும் என்னன்னு கேளுங்க." அவ்வளவுதான். மூணு வருசத்துக்கும் மேல உள்ளயே கெடந்திருக்குது. நாங்க அது மேல பொட்டு வெச்சுக் கும்புட்டுட்டு இருந்திருக்கறோம்.

அந்தப் புள்ளையை எனக்கு நெனப்பிருக்குது. நல்லாச் செஸ் ஆடும். திடீர்னு இனி ஆட மாட்டேன்னு நின்னுக்கிச்சு. திமிரு புடிச்ச கழுதைன்னு பிரேயர்ல வெச்சுத் திட்டுனேன், எண்ணூறு பேர் முன்னால. இப்ப காலேஜு படிக்குதாம். இன்னைக்கு அதுவும் சாட்சிக்கு வருது. வக்கீலு சொல்றாரு, நான் அதைப் பாக்க முடியாதாம். நடுவுல திரை போட்டுருவாங்களாம், புள்ளைங்க பயப்படாமச் சொல்லோணும்னு. என்ன பயமுங்க? என்னைப் பாத்தா பயப்படற மாதிரியா இருக்கறேன்?

ஷீல்டைக் காட்டிட்டா ஜட்ஜம்மா புரிஞ்சுக்குவாங்க. மூணு வருசம் புகாரே இல்லாத பள்ளிக்கூடம். எழுத்துல இருக்குது பாருங்க.

என்ன கண்ணு? இவ்வளவு நேரம் பேசாம இருந்துட்டு இப்ப வாயைத் தொறக்கறே? கேளு, கேளு. வெக்கப்படாதே. தாத்தாகிட்ட என்ன வேண்ணாலும் கேக்கலாம்.

...நீ எங்க பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தா யாருகிட்டச் சொல்லியிருப்பேன்னா கேக்கறே?

இதென்ன கேள்வி கண்ணு. எங்கிட்டத்தான். நான் இருக்கறேனில்ல? நேரா ஆபீசுக்கு வருவே. மாமா ஒருத்தரு சோபாவுல இருப்பாரு, அவரை நீ கண்டுக்க வேண்டாம். நோட்டுல உன்ற பேரை எழுதுவே. கிளாசு. யாரு மேலன்னு எழுதுவே. நான் கண்ணாடியைப் போட்டு, சத்தமா...

...சத்தமாப் படிச்சு...

தண்ணி இருக்குதுங்களா அம்மிணி? ஒரு வாய் குடுங்க.

இந்தக் கண்ணாடியில வெளிய ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. எந்த ஊரு வந்திருக்குது? வந்துருச்சா? ஏனுங்க கண்டக்டரு, கோர்ட்டு ஸ்டாப்பு, எறங்கோணும், எறங்கோணும். சித்தக் காலை ஒதுக்கிக்குங்க அம்மிணி. வர்றேன் கண்ணு. மிட்டாயை வாங்காதே. நான் குடுத்தாலும் வாங்காதே. உன்ற டீச்சர் சொன்னது சரிதான்.

என்னங்க? பையா? ஆமா, ஷீல்டை உட்டுட்டேன். இருக்கட்டுமுங்க. நீங்களே வெச்சுக்குங்க, பாப்பா வெளையாடட்டும்.

வேண்டாமுங்களா?

எனக்கும் வேண்டாமுங்க.